பழுதாகும் ஹார்ட் டிஸ்க்: எதை முதலில் மீட்பது, எங்கே நிறுத்துவது

ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்யத் தொடங்கிவிட்டால் அதிலிருப்பதை எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்கலாம்? இதைக் கேட்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் தன்னுடைய அவசரம்தான். நாளைக்கு ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஆல்பம் தர வேண்டும். டிஸ்க்கின் அவசரம் வேறு. அதற்கு இன்னும் சில மணி நேர ஓட்டம் மிச்சமிருக்கலாம், சில நாள் இருக்கலாம்; முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, தெரியாத அந்த மிச்ச ஆயுளுக்குள் மதிப்புள்ளதை எல்லாம் முதலில் எடுத்துவிடும் வரிசை எது என்று கேட்பதுதான் பயன் தரும். இந்தத் துறையில் வந்திருக்கும் நல்ல உத்திகள் எல்லாமே வரிசையைப் பற்றியவை. வாசிக்கும் வேகத்தைக் கூட்டும் மந்திரம் எதுவும் கிடையாது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப்புறத்தை முன்வைத்து இந்தக் கேள்வியைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. டிஸ்க்கைக் கெடுக்கும் சூழலும் அதைக் காப்பாற்றும் வசதியும் இங்கே விநோதமாகக் கலந்து கிடக்கின்றன.

எல்லைப்புறத்தின் நிலை

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம். இடுக்கியில் மூணாறு, மறையூர், வட்டவடை, பூப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி. 1956 மொழிவழி மாநிலப் பிரிப்பில் கேரளத்தோடு நின்றுவிட்ட, தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் ஊர்கள் இவை. இங்குள்ள சிறு அலுவலகங்களின் கணினிகளில் இருப்பவை பெரிய நிறுவனங்களின் தரவு போல இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைக்கப்பட்டவை அல்ல. ஏலக்காய் வியாபாரியின் டேலி கணக்கு, ஸ்டுடியோக்காரரின் பத்து வருடக் கல்யாண வீடியோ, கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பதிவுகள், 2002-ல் மலப்புரத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய அக்ஷயா மையங்களில் ஸ்கேன் செய்து சேர்த்த காகிதங்கள் எல்லாம் பல இடங்களில் ஒரே டிஸ்க்கில் கிடக்கும்.

அந்த டிஸ்க்குக்கு எதிரிகள் மூன்று. முதலாவது மின்சாரம். மலையில் மரம் விழுந்தால் கரண்ட் போகும். திரும்பி வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். இரண்டாவது இடி. கோடை மழைக் காலத்திலும் துலாமழைக் காலத்திலும் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மின்னல் குறித்துக் கவனமாக இருக்கும்படி கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வருடந்தோறும் எச்சரிக்கிறது. அலுவலகக் கணினிகள் ஓடும் பிற்பகல் நேரமும் அதற்குள்தான் வருகிறது. மூன்றாவது ஈரம். மூணாறு போன்ற இடங்களில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும்போது, கணினிக்குள் இருக்கும் கனெக்டர் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

மீட்பு வசதியோ ஊருக்கு ஊர் மாறுகிறது. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பொள்ளாச்சியும் கோவையும் பக்கம். வட்டவடைக்காரர் மூணாறுக்கு வரவே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. அங்கிருந்து போடி வழியாகக் கீழே இறங்கியோ, அந்தப் பக்கம் கொச்சிக்குப் போயோதான் ஆக வேண்டும். டிஸ்க்கின் உட்புறத்தைத் திறந்து வேலை பார்க்கும் தூசற்ற அறை வைத்திருக்கும் ஆய்வகங்கள் பெரு நகரங்களில்தான் இருக்கின்றன. எனவே ஊரிலேயே செய்யத்தக்கது எது, தொடாமல் அனுப்ப வேண்டியது எது என்ற பிரிவினை மற்ற இடங்களைவிட இங்கே முக்கியமாகிறது.

டிஸ்க் எப்படிக் கெடுகிறது

ஹார்ட் டிஸ்க்கினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் பறக்கிறது. தட்டின் பரப்பு செக்டார் செக்டாராகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செக்டாரோடும் பிழை திருத்தும் குறியீடு எழுதப்பட்டிருக்கும். படித்தது குறியீட்டோடு ஒத்துவராவிட்டால் டிஸ்க் தானாகவே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். மேசைக் கணினி டிஸ்க்குகள் ஒரே செக்டாரோடு பல வினாடிகள், சில மாடல்களில் ஒரு நிமிடத்துக்கும் மேல் மல்லாடும். கணினி அப்படியே உறைந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கடைக்கு வரும் டிஸ்க்குகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, கோளாறு டிஸ்க்கிலேயே இல்லாதது: கேபிள், பவர் சப்ளை, அல்லது யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் சிறு போர்டு. இரண்டு, தட்டில் பேட் செக்டார்கள். மூன்று, பல ஹெட்களில் ஒன்று பலவீனமானது. நான்கு, டிஸ்க்கின் உள் மென்பொருள் குழம்பியது. டிடெக்ட் ஆகும், ஆனால் வினாடிக்கு சில கிலோபைட் மட்டுமே தரும். ஐந்து, அடிபட்டதோ நனைந்ததோ; ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும், அல்லது தட்டு சுற்றவே சுற்றாது. முதல் இரண்டு வகை ஊரில் பார்க்கத்தக்கவை. மூன்றாவதை நிதானமும் அனுபவமும் இருந்தால் முயலலாம். கடைசி இரண்டும் ஆய்வக வேலை.

எந்த வகை என்று அறிய ஸ்மார்ட் எனப்படும் சுய பரிசோதனைப் பதிவு உதவும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு அது. அதில் 5-ஆம் எண் மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்தவே முடியாதவை. 199 கேபிள் வழியில் நேர்ந்த பிழைகள். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்; ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று பயந்த வேலை சில சமயம் அங்கேயே முடிந்துவிடும். உபுண்டுவில் ‘டிஸ்க்ஸ்’ என்ற பயன்பாட்டைத் திறந்தாலே இந்தப் பதிவைப் பார்க்கலாம்.

ஆனால் ஸ்மார்ட் நன்றாக இருக்கிறது என்பதால் டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கூகுள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகியோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது. பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு பிழை இல்லாததைவிட 39 மடங்கு என்று அவர்கள் கண்டார்கள். அதே சமயம், செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை மிக முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலேயே போயிருந்தன. சுருங்கச் சொன்னால், எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வரவில்லை என்பதை நம்ப முடியாது.

நேரம் எங்கே போகிறது

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஆரோக்கியமான 1 டிபி டிஸ்க்கைக் கணினியின் சாட்டா இணைப்பில் மாட்டி, சராசரியாக வினாடிக்கு 110 எம்பி வீதம் படித்தால் முழுதும் நகலாக இரண்டரை மணி நேரம். அதே டிஸ்க்கைப் பழைய யுஎஸ்பி 2.0 பெட்டியில் வைத்துப் படித்தால் வேகம் 35 எம்பிக்கு மேல் போகாது. எட்டு மணி நேரம் ஆகும். ஆக முதல் ஐந்தரை மணி நேரம் டிஸ்க்கின் பழுதால் போகவில்லை, இணைப்பால் போனது.

இப்போது பழுதைச் சேர்ப்போம். டிஸ்க்கில் 10,000 செக்டார் கெட்டிருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் டிஸ்க் 10 வினாடி மல்லாடுவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு லட்சம் வினாடி. கிட்டத்தட்ட 28 மணி நேரம். இத்தனை நேரம் செலவழித்துத் தேடும் தரவு எவ்வளவு? செக்டாருக்கு 512 பைட் வீதம் 5 எம்பி. கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவு. 1 டிபி நல்ல தரவு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும், கடைசி 5 எம்பி மட்டும் ஒரு நாளுக்கு மேல் தின்றுவிடும். பலவீனமான ஹெட் அந்த 28 மணி நேரத்தில் செத்தும் போகலாம். இந்த ஏற்றத்தாழ்வுதான் மொத்தப் பிரச்சினைக்கும் அச்சாணி.

நான்காவது வகை டிஸ்க்கில் நிலைமை இன்னும் மோசம். வினாடிக்கு 100 கிலோபைட் தரும் 1 டிபி டிஸ்க்கை முழுதும் படிக்க 115 நாட்களுக்கு மேல் ஆகும். அங்கே ‘ஓடட்டும், பார்ப்போம்’ என்று விடுவதில் அர்த்தமில்லை.

மூன்று வழிகள்

நடைமுறையில் இருக்கும் அணுகுமுறைகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, கோப்புகளை நேரடியாகக் காப்பி செய்வது. விண்டோஸில் டிஸ்க்கைத் திறந்து, வேண்டிய ஃபோல்டரை இழுத்து விடுவது. பழுது லேசானதாகவும் தேவையானது சிறியதாகவும் இருந்தால் இதுவே போதும். பழுது அதிகமானால் இதைவிட மோசமான வழி இல்லை. ஒரு கெட்ட செக்டாரில் மாட்டியதும் காப்பி நின்றுவிடும். மறுபடி தொடங்கினால் முதலிலிருந்து போகும். இதற்கிடையே விண்டோஸ் தன் பங்குக்குப் படங்களின் சிறு உருவங்களைத் தயாரிக்கும், ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும். ஹெட் தட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடி ஓடி இளைக்கும்.

இரண்டாவது, முழு இமேஜ் எடுப்பது. கோப்பு, ஃபோல்டர் என்ற எதையும் பார்க்காமல் செக்டார் வரிசைப்படி மொத்த டிஸ்க்கையும் வேறொரு நல்ல டிஸ்க்கில் நகலெடுத்து, அதற்குப் பிறகு நகலில் மட்டும் வேலை செய்வது. குற்றப் புலனாய்வில் இது கட்டாய ஒழுக்கம். திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனத்தின் சைபர் தடயவியல் மையம் உருவாக்கிய ட்ரூபேக் இந்த வேலைக்கான கருவிதான். அந்த இமேஜை ஆராய்வது சைபர்செக் என்ற தனிக் கருவி. மூலத்தைத் தொடாதே, நகலில் ஆராய் என்ற விதி நீதிமன்றத்துக்காக வந்தது. சாகும் டிஸ்க்குக்கும் அப்படியே பொருந்துகிறது.

மூன்றாவது, இலக்கு வைத்து இமேஜ் எடுப்பது. முதலில் டிஸ்க்கின் பொருளடக்கப் பகுதியை மட்டும் படித்து, எந்தக் கோப்பு எந்த செக்டாரில் இருக்கிறது என்று அறிந்து, தேவையானவற்றை முதலில் எடுப்பது. பிசி-3000 போன்ற ஆய்வகக் கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. இதன் பெரும்பகுதியை இலவசக் கருவிகளாலும் செய்ய முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த மூன்றில் எது சிறந்தது என்ற விவாதம், தேவையான தரவு டிஸ்க்கில் எத்தனை சதவீதம் என்பதில் போய் முடிகிறது. 1 டிபி டிஸ்க்கில் ஏலக்காய் வியாபாரிக்கு வேண்டியது டேலியின் டேட்டா ஃபோல்டர். 10000 என்பது போல எண்ணிட்ட ஒரு உள்ஃபோல்டர், பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். அவருக்கு மூன்றாவது வழி. ஸ்டுடியோக்காரருக்கு டிஸ்க் முழுவதும் வீடியோ. அவருக்கு இரண்டாவது வழி. ஸ்டுடியோக்காரருக்குச் சொன்ன யோசனையை வியாபாரியின் டிஸ்க்கில் செய்து பார்ப்பதால்தான் பாதி நேரம் வீணாகிறது.

டிடிரெஸ்க்யூவின் தர்க்கம்

1999-ல் கர்ட் கார்லாஃப் எழுதிய டிடி_ரெஸ்க்யூ, பிழை வந்தாலும் நிற்காமல் தொடரும் நகல் கருவியாக அறிமுகமானது. 2004-ல் அன்டோனியோ டியாஸ் டியாஸ் தனியாக எழுதிய குனூ டிடிரெஸ்க்யூ அந்த எண்ணத்தை வெகுதூரம் கொண்டுபோனது. பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வேறு. இன்று பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது இரண்டாவது.

இது நான்கு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் பெரிய துண்டுகளாகப் படித்துக்கொண்டே போகும். பிழை வந்தாலோ வேகம் திடீரென விழுந்தாலோ அங்கே மல்லாடாமல் தாவிவிடும். பிழை தொடரத் தொடரத் தாவும் தூரம் கூடும். முடிவு வரை போய், விட்டதைப் பின்பக்கமிருந்து படித்துக்கொண்டு வரும். ஒரு கெட்ட பகுதியின் முன் ஓரம் முதல் ஓட்டத்திலும் பின் ஓரம் இரண்டாவது ஓட்டத்திலும் தெரிந்துவிடுவதால், நடுவில் உண்மையாகவே கெட்ட இடம் மட்டும் மிஞ்சும். இரண்டாவது கட்டம் அந்த மிச்சத்தின் ஓரங்களைச் செக்டார் செக்டாராகச் சீவும். மூன்றாவது கட்டம் உள்ளே இருப்பதைச் சுரண்டும். நான்காவது, படிக்க முடியாதவற்றை நாம் கேட்ட தடவைகள் மறுபடி முயலும்.

நல்ல தரவு கிட்டத்தட்ட முழுவதும் முதல் கட்டத்திலேயே வந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் முதல் தடவை ‘சுரண்டாதே’ என்ற விருப்பத்தோடு ஓட்டுவது இதனால்தான். அது முடிந்து, வந்ததைப் பார்த்து, இன்னும் தேவை என்றால்தான் சுரண்டல்.

நம் மலைப்பகுதிக்கு மிக உதவுவது இதன் வரைபடக் கோப்பு. சாதாரண உரைக் கோப்புதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன நிலை என்று இருக்கும். நிலையைக் காட்ட ஒற்றைக் குறி. கூட்டல் குறி என்றால் எடுத்தாயிற்று; கேள்விக்குறி என்றால் இன்னும் தொடவில்லை; நட்சத்திரக் குறி என்றால் ஓரம் சீவவில்லை; சாய்கோடு என்றால் சுரண்டவில்லை; கழித்தல் குறி என்றால் படிக்கவே முடியவில்லை. கருவி ஓடும்போதே இந்தக் கோப்பு அவ்வப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். ஐந்தாவது மணி நேரத்தில் கரண்ட் போனால், வந்தபின் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வரைபடக் கோப்பின் பெயரைக் கொடுக்காமல் ஓட்டினால் இந்த வசதி கிடையாது. புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் விடுவது இதைத்தான். அந்தக் கோப்பைப் பழுதான டிஸ்க்கிலேயே சேமிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேகத்தைக் கூட்டும் வழிகள்

இனி, வேகத்துக்கு உண்மையில் பங்களிப்பவை எவை என்று பார்க்கலாம்.

இணைப்பு. யுஎஸ்பி பெட்டிக்குள் இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க் என்றால், வெளியே எடுத்து நேராகக் கணினியில் மாட்டுவது வேகத்தையும் தரும், பிழைச் செய்திகளையும் சரியாகக் காட்டும். சில கையடக்க டிஸ்க்குகளில் யுஎஸ்பி கனெக்டர் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் யுஎஸ்பியையும் சாட்டாவையும் இணைக்கும் பாலச் சிப் தரவைக் குறியாக்கம் செய்து எழுதியிருக்கும். அவற்றைப் பிரிப்பதால் லாபமில்லை.

இயங்குதளம். லினக்ஸில், டிஸ்க் தானாக மவுண்ட் ஆவதை நிறுத்திவிட்டு வேலை செய்ய வேண்டும். டிஸ்க்கை ஒருவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அந்த ஒருவர் டிடிரெஸ்க்யூ.

செக்டார் அளவு. இது அதிகம் பேசப்படாதது. ஏறக்குறைய 2011-க்குப் பிந்தைய டிஸ்க்குகளில் தட்டில் உள்ள உண்மையான செக்டார் 4,096 பைட். வெளியுலகுக்கு மட்டும் 512 பைட் என்று காட்டிக்கொள்ளும். சுரண்டும்போது 512 பைட்டாகக் கேட்டால், கெட்டுப்போன ஒரே செக்டாரை எட்டு முறை கேட்டதாகிறது. எட்டு முறையும் டிஸ்க் மல்லாடும். செக்டார் அளவு 4,096 என்று சொல்லிவிட்டால் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் அதே பலன். இயங்குதளத்தின் இடைநினைவைத் தாண்டி நேரடியாகப் படிக்கும் விருப்பத்தையும் இந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பு நேரம். ஒரு கெட்ட செக்டாரில் டிஸ்க் எவ்வளவு நேரம் போராடலாம் என்பதைச் சில மாடல்களில் நாமே குறைக்க முடியும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் அதற்கான கட்டளை உண்டு. 7 வினாடி என்று வைப்பது வழக்கம். எல்லா டிஸ்க்கும் இதற்குக் கட்டுப்படாது. லினக்ஸ் தன் பங்குக்கு 30 வினாடி காத்திருந்து, பதில் வராவிட்டால் இணைப்பை மறுதொடக்கம் செய்யும். அதற்குள் டிஸ்க் முடிவெடுக்கவில்லை என்றால் இருவரும் முட்டிக்கொள்வார்கள். டிஸ்க் திடீரென்று காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாவும் தூரம். மூன்றாவது வகைப் பழுதில், ஒரு ஹெட் மட்டும் பலவீனமாக இருந்தால், பிழைகள் சீரான இடைவெளியில் பட்டை பட்டையாக விழும். வரைபடக் கோப்பைப் படமாகக் காட்டும் டிடிரெஸ்க்யூவியூவில் இது சேலைக் கரை போலத் தெளிவாகத் தெரியும். அப்போது தாவும் தூரத்தைக் கூட்டி, கெட்ட ஹெட்டின் பட்டைகளை ஒரே தாவலில் கடந்து, நல்ல ஹெட்கள் தருவதை எல்லாம் முதலில் வாங்கிவிட வேண்டும். ஸ்காட் ட்வையர் எழுதிய எச்டிடிசூப்பர்குளோன் இந்தத் தாவலைத் தானே கற்றுக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது.

வெற்றிடத்தை விடுவது. 1 டிபி டிஸ்க்கில் 200 ஜிபிதான் எழுதியிருக்கிறார்கள் என்றால் மீதி 800 ஜிபியை ஏன் படிக்க வேண்டும்? என்டிஎஃப்எஸ் கோப்பமைப்பில் எந்த இடம் பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும் பதிவு இருக்கிறது. அதைப் படித்து, ‘இந்தப் பகுதிகளை மட்டும் எடு’ என்று டிடிரெஸ்க்யூவுக்குச் சொல்லும் எல்லைக் கோப்பை ட்வையரின் டிடிஆர்யூட்டிலிட்டி உருவாக்கித் தரும். பார்ட்குளோனிலும் அப்படி ஒரு வசதி உண்டு. ஒரே அடியில் வேலை ஐந்தில் ஒன்றாகிறது.

பொருளடக்கம் முதலில். என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் முதன்மை அட்டவணையில் 1 கிலோபைட் பதிவு உண்டு. ஒரு லட்சம் கோப்பு என்றாலும் அட்டவணை ஏறக்குறைய 100 எம்பிதான். அது பெரும்பாலும் பகுதியின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தள்ளி ஆரம்பிக்கும். ஆகவே முதல் சில ஜிபியை மட்டும் எடுக்கச் சொல்லித் தொடங்கினால், சில நிமிடங்களில் கோப்புப் பெயர்களும் அவற்றின் முகவரிகளும் கையில். அட்டவணை போய்விட்டால் ஃபோட்டோரெக் போன்ற கருவியால் படங்களையும் வீடியோக்களையும் பொறுக்கி எடுக்கலாம். ஆனால் பெயரும் ஃபோல்டரும் இல்லாத முப்பதாயிரம் படங்களை வைத்துக்கொண்டு எந்தக் கல்யாணம் எது என்று பிரிக்க ஸ்டுடியோக்காரர் மாதக் கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். மீட்பில் மிச்சப்படும் நேரத்தில் பெரியது இதுதான் என்று சொல்வேன்.

சூடும் மின்சாரமும். நீண்ட ஓட்டத்தில் டிஸ்க் சூடேறும். மேசை விசிறியை அதன் மேல் திருப்பி வைத்தாலே பெரிய உதவி. பல டிஸ்க்குகளுக்கு 60 டிகிரி செல்சியஸ் மேல் எல்லை. அதற்கு வெகு கீழேயே வைத்திருப்பது நல்லது. யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். வரைபடக் கோப்பு நம் வேலையைக் காக்கும்; திடீரென்று கரண்ட் போய் வரும்போது பலவீனமான ஹெட்டுக்கு விழும் அடியிலிருந்து அது டிஸ்க்கைக் காக்காது.

கேடு விளைவிக்கும் கை வைத்தியங்கள்

ஃப்ரீசரில் வைத்தால் டிஸ்க் உயிர் பெறும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மூணாறின் ஈரக் காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் அதன் மேற்புறத்திலும் உள்ளேயும் நீர் பூக்கும். நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட்டுக்கு ஒரு நீர்த்துளி போதும். தட்டிப் பார்ப்பதும், மூடியைத் திறந்து பார்ப்பதும் இதே ரகம்.

இவற்றைவிட அதிகம் கெடுப்பது ஒரு நல்ல பிள்ளையாக நடிக்கும் கட்டளை: விண்டோஸின் செக்டிஸ்க். கோப்பமைப்பைச் சீராக்குவது அதன் வேலை. தரவைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. படிக்க முடியாத இடங்களில் இருந்த பதிவுகளைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை ஒழுங்குபடுத்தி, அதையும் சாகும் டிஸ்க்கின் மேலேயே எழுதும். கணினி தொடங்கும்போது ‘டிஸ்க்கைச் சோதிக்கிறேன்’ என்று தானாக ஓட ஆரம்பித்தால், ஓட விடாமல் தடுப்பதே முதல் உதவி. மீட்பு மென்பொருளைப் பழுதான டிஸ்க்கிலேயே இறக்கி நிறுவுவதும் இதே கணக்கில் சேரும்.

எஸ்எஸ்டிக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தாது. அதில் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை. டிரிம் கட்டளை அழித்த கோப்பின் இடத்தைத் துடைத்துவிடும். பல எஸ்எஸ்டிகள் எச்சரிக்கையே இல்லாமல் ஒரேயடியாகப் போய்விடும். பழைய ஹார்ட் டிஸ்க் தரும் அவகாசத்தை அது தருவதில்லை.

வெள்ளத்தில் நனைந்தவை

2018 ஆகஸ்ட் 9 அன்று, 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகு திறக்கப்பட்டது. அந்த மாத மழையில் மூணாறு பல நாள் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தது. பழைய மூணாறில் முதிரப்புழை ஆறு கடைகளுக்குள் புகுந்தது. காகிதம் நனைந்தால் வெயிலில் உலர்த்தலாம் என்பது நமக்குத் தெரியும். அதே கையோடு ஹார்ட் டிஸ்க்கையும் வெயிலில் வைப்பது தவறு.

ஹீலியம் அடைத்த சில வகைகளைத் தவிர, ஹார்ட் டிஸ்க் காற்றுப் புகாத பெட்டி அல்ல. காற்றழுத்தம் சமப்பட ஒரு சிறு துளையும் வடிகட்டியும் உண்டு. வெள்ள நீர் அதன் வழியே உள்ளே போகும். உலர்ந்தால் நீர் போய்விடும், சேறும் உப்பும் தட்டில் படிந்து நிற்கும். அதற்குப் பிறகு சுழல விட்டால் ஹெட் அந்தப் படிவை உழும். எனவே நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. உலர்த்தாமல், ஈரம் போகாதபடி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி. இங்கே வேகம் என்பது ஓட்டாமல் இருப்பது.

எப்போது நிறுத்துவது

ஊரில் செய்யும் முயற்சியை எங்கே நிறுத்துவது என்பதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லலாம். புதிதாக ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால், அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். டிஸ்க் அடிக்கடி காணாமல் போய்த் திரும்பி வந்தால் நிறுத்த வேண்டும். வேகம் தொடர்ந்து கிலோபைட் கணக்கிலேயே இருந்தால் நிறுத்த வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல், சுரண்டல் மட்டும் மெதுவாக நடக்கிறது என்றால், மீட்டதைத் திறந்து பார்த்து, வேண்டியது வந்துவிட்டதா என்று கேட்டு முடிவு செய்யலாம். வியாபாரியின் டேலி ஃபோல்டர் முழுதாக வந்துவிட்டால், 99.98 சதவீதத்தை 99.99 ஆக்க இன்னொரு நாள் ஓட்டுவதில் அர்த்தமில்லை. வீடியோவில் இரண்டு மூன்று செக்டார் போனால் ஒரு கணம் படம் உடையும், அவ்வளவுதான். கணக்குக் கோப்பில் ஒரு செக்டார் போனால் கோப்பே திறக்காமல் போகலாம். எதை எவ்வளவு சுரண்டுவது என்பதைத் தரவின் வகைதான் சொல்லும்.

வழக்கு, தகராறு சம்பந்தப்பட்ட டிஸ்க் என்றால் வேறு விதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு அதன் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிடும் சான்றிதழையும் கேட்கிறது. அத்தகைய டிஸ்க்கை ஊர்க் கடையில் திறந்து பார்ப்பதே சாட்சியத்தைக் கேள்விக்குள்ளாக்கும்.

கையிலிருக்கும் வசதி

எல்லைப்புறத்தில் ஆய்வக வசதி குறைவு என்று பார்த்தோம். ஆனால் ஒரு விஷயத்தில் இந்த ஊர்கள் கோவையையும் தேனியையும்விட முன்னே இருக்கின்றன. 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் கேரளப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017-ல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது; ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்துடன் மடிக்கணினிகள் போயின. பாலக்காடு, இடுக்கியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குக் கணினிப் பாடநூல் தமிழிலேயே வருகிறது. பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களில் பிள்ளைகள் அனிமேஷனும் ரோபாட்டிக்ஸும் பழகுகிறார்கள்.

டிடிரெஸ்க்யூ, ஃபோட்டோரெக், ஸ்மார்ட்மான்டூல்ஸ் மூன்றும் இலவசம். அந்த இயங்குதளத்தில் சில நிமிடங்களில் நிறுவலாம், அல்லது சிஸ்டம்ரெஸ்க்யூவைப் பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் ஓட்டலாம். விண்டோஸ் மட்டுமே பழகிய ஊரில் இந்தக் கருவியை அறிமுகப்படுத்துவதற்கு முன் லினக்ஸை அறிமுகப்படுத்த வேண்டும். இங்கே பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கே அது பழக்கம். கழித்துப்போட்ட பழைய டிஸ்க் ஒன்றை வைத்து இமேஜ் எடுக்கும் பயிற்சியை மன்றங்களில் ஒரு பிற்பகல் நடத்தினால், வரைபடக் கோப்பு என்றால் என்ன, ஏன் முதலில் சுரண்டக் கூடாது, எப்போது கையெடுத்துவிட வேண்டும் என்பது ஊருக்கு ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அக்ஷயா மையங்களை நடத்துவோருக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கும் இதே பயிற்சி பொருந்தும்.

பேக்கப் எடுங்கள் என்ற அறிவுரையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியும் பழையதே. வெள்ளத்தையும் மண்சரிவையும் பார்த்த மலையில் அந்த ‘வேறு இடம்’ அதே கட்டடத்தின் அடுத்த அறையாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பேக்கப் இல்லாதவர்கள், டிஸ்க் தடுமாறியதும் வரிசையாகச் செய்ய வேண்டியவை இவைதான்: கணினியை நிறுத்து, ஸ்மார்ட் பதிவைப் பார், எந்த வகைப் பழுது என்று தீர்மானி, பொருளடக்கத்தை எடு, தேவையானதை எடு, மிச்சத்தை எடு, கெட்டதைக் கடைசியில் சுரண்டு. இந்த வரிசையைப் பின்பற்றியவர் ஆய்வகத்துக்குப் போக நேர்ந்தாலும், கையில் பாதித் தரவோடும் முழுதாகக் கெடாத டிஸ்க்கோடும் போவார். ஆய்வகத்தின் வேலையும் பாதியாகக் குறையும்.